மலிவுப் பயணச்சீட்டும் மறைந்திருக்கும் கூலியும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. சந்தையில் கால் பணத்துக்குச் சுண்டைக்காய் கிடைத்தது என்று மகிழ்ந்தவர், அதை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்கு முக்கால் பணம் கூலி கொடுத்தாராம். இணையம் வழியாகப் பயணச்சீட்டு வாங்கும் இந்நாளில் இப்பழமொழி புதுப்பொருள் பெற்றிருக்கிறது எனலாம்.

இன்று நம் ஊர்ப் பக்கத்தில் பல வீடுகளில் பயணச்சீட்டு எடுக்கும் பொறுப்பு, படிக்கும் மகளிடமே வந்து சேர்கிறது. "நீதான் போன்ல எல்லாம் பார்ப்பியே, தாத்தாவுக்கு மெட்ராசுக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடும்மா" என்று வீட்டார் கைப்பேசியை நீட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு கணத்தில் தந்தையின் வங்கிக் கணக்கும், தாத்தாவின் ஆதார் எண்ணும், சில வேளைகளில் வீட்டின் ஒரு மாதச் சேமிப்பும் அம்மாணவியின் விரல் நுனியில் வந்து நிற்கின்றன. ஆகவே, குறைந்த செலவில் சீட்டு வாங்குவது எப்படி என்று அறிவது மாணவியர்க்கு ஒரு பொழுதுபோக்கு அன்று. அது வீட்டுப் பணத்தைக் காக்கும் கல்வி. இக்கல்வியின் முதற்பாடம் ஒரே ஒரு கேள்வியில் அடங்கும். ஒரு சீட்டு மலிவாகத் தோன்றினால், 'இந்த மலிவு எங்கிருந்து வருகிறது?' என்று கேட்க வேண்டும். காரணம் தெரிந்த மலிவு நன்மை தரும். காரணம் தெரியாத மலிவு கையைச் சுடும்.

இருவகைக் கட்டணங்கள்

பயணக் கட்டணங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று நிலைக் கட்டணம். மற்றொன்று மாறும் கட்டணம். சாதாரண விரைவு ரயில்களிலும் அரசுப் பேருந்துகளிலும் கட்டணம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. தூரமும் வகுப்பும் தெரிந்தால் கட்டணம் தெரிந்துவிடும். விமானத்திலும் தனியார் ஆம்னிப் பேருந்திலும் அவ்வாறன்று. அங்கே ஆள் கூடினால் விலை கூடும். இருக்கை காலியாகக் கிடந்தால் விலை இறங்கும். எந்த வகைக் கட்டணத்தில் நாம் சீட்டு வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் மலிவைத் தேடுவது, கிணறு எங்கே என்று அறியாமல் வாளியை இறக்குவது போலாகும்.

ரயிலில் பேரம் இல்லை

இந்திய ரயில்வேயின் உணவு மற்றும் சுற்றுலாக் கழகமான ஐ.ஆர்.சி.டி.சி., 1999-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது இணையவழிச் சீட்டு விற்பனையை ஆரம்பித்தது. அதற்கு முன் முன்பதிவுச் சீட்டுக்கு நிலையத்து வரிசையில்தான் கால் கடுக்க நிற்க வேண்டும். இன்று ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே, திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் செந்தூர் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்துவிடலாம்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அந்த ரயிலில் ஒரு வகுப்புக்கு ஒரே கட்டணம்தான். அறுபது நாட்களுக்கு முன் வாங்கினாலும், ஆறு நாட்களுக்கு முன் வாங்கினாலும் பொது முன்பதிவில் விலை மாறாது. எனவே 'ரயில் சீட்டு பாதி விலையில்' என்று ஒரு விளம்பரம் சொன்னால், அது சீட்டின் விலைக் குறைப்பாக இருக்க முடியாது. அடுத்த முறை செலவிடத் தருகிற சிறு தொகையாக இருக்கலாம், அல்லது முழுப் பொய்யாக இருக்கலாம். ராஜதானி, சதாப்தி, துரந்தோ ஆகிய ரயில்கள் இதற்கு விலக்கு. 2016 செப்டம்பரில் அவற்றுக்கு ஏறுமுகக் கட்டணம் வந்தது. பத்தில் ஒரு பங்கு இடம் விற்கும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறி, ஒன்றரை மடங்கு வரை செல்லும் என்பது அப்போதைய முறை.

ரயிலில் பேரம் இல்லையென்றால் சிக்கனம் எங்கே இருக்கிறது? அது மூன்று இடங்களில் இருக்கிறது: காலம், உரிமை, இடைத்தரகர் கூலி.

காலமே சலுகை

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் எண்ண வேண்டும். பொங்கலுக்காக ஜனவரி 14 அன்று ரயிலேற வேண்டுமானால், நவம்பர் 15 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். இந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளும் குடும்பம் சாதாரணக் கட்டணத்தில் ஊர் வந்து சேரும். குறிக்க மறந்த குடும்பம் தட்கலுக்கு ஓடும். அதுவும் கிடைக்காவிடில் பல மடங்கு கொடுத்துத் தனியார் பேருந்தில் ஏறும். இரு குடும்பங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பென்சில் கோடுதான்!

தட்கல் சீட்டு பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும்; குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. தூங்கும் வசதிப் பெட்டியில் தட்கலுக்கென்று கூடுதலாக 100 முதல் 200 ரூபாய் வரை செலுத்த வேண்டும். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. 2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு உள்ளோரே இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க முடியும். எனவே கணக்கைத் தொடங்கிச் சரிபார்க்கும் வேலையைப் பயணத்துக்கு முந்தைய நாள் காலையில் அல்ல, ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் முடித்துவிடுவது நல்லது.

இடம் மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும். செந்தூர் எக்ஸ்பிரஸில் இடமில்லையா? திருநெல்வேலிக்கு வரும் நெல்லை எக்ஸ்பிரஸையும், தூத்துக்குடிக்கு வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸையும் பாருங்கள். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்குப் பேருந்தில் வந்துவிடலாம். மாற்று வழி தெரிந்தவர்க்கே இணையம் முழுப்பயன் தருகிறது.

உரிமையாக வரும் சலுகைகள்

மலிவுச் சீட்டைத் தேடி இரவெல்லாம் கைப்பேசியைத் தடவுவோர் பலர், தமக்கு உரிமையாகக் கிடைக்கும் சலுகைகளை அறிவதில்லை. கல்லூரிப் பட்டப்படிப்பு முடியும் வரை பெண்களுக்கு வீட்டிற்கும் கல்விக்கூடத்திற்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திர ரயில் பயண அட்டை இலவசம் என்பது நம் மாணவியரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்விக்கூடத்தின் சான்றிதழைக் காட்டி நிலையத்தில் அதைப் பெறலாம். நாளை திருநெல்வேலியில் கல்லூரி சேரவிருக்கும் மாணவியரும் அவர்தம் பெற்றோரும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்போர் விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லவும், கல்விச் சுற்றுலா செல்லவும், இரண்டாம் வகுப்பிலும் தூங்கும் வசதி வகுப்பிலும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு அது 75 விழுக்காடு. கல்விக்கூடத் தலைவர் கையொப்பமிட்ட படிவத்துடன் முன்பதிவு அலுவலகத்துக்கே நேரில் செல்ல வேண்டும். இது இணையத்தில் கிடைக்காது. மிக மலிவான சீட்டு சில வேளைகளில் இணையத்துக்கு வெளியேதான் இருக்கிறது!

புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வோர்க்கும், மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினர்க்கும் ரயில் கட்டணச் சலுகை தொடர்கிறது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை மட்டும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆயினும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உள்ளது. ஆகவே தாத்தா பாட்டியின் வயதைத் தோராயமாக இடாமல் சரியாகப் பதியுங்கள். சிறுவர்க்கு, ஐந்து வயது நிறையும் வரை தனிப்படுக்கை வேண்டாதபோது சீட்டே தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்கு உட்பட்டோர்க்குத் தனிப்படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிடில் பாதிக் கட்டணம். இது 2016 ஏப்ரல் முதல் உள்ள விதி.

பேருந்தைப் பொறுத்தவரை, நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் தொடங்கியது. தொலைதூரம் செல்லும் அரசு விரைவுப் பேருந்துகளில் பண்டிகை நாளிலும் வகுத்த கட்டணமே என்பதால், அவற்றின் இணையத்தளத்தை முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

விமானக் கட்டணத்தின் சூட்சுமம்

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை செல்லும் ஒரே விமானத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவர், வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருக்கக்கூடும். இது எவ்வாறு நேர்கிறது?

அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டு விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1981-இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் நிறுவனம் மிகக் குறைந்த கட்டணத்தில் பயணிகளை ஈர்த்தது. போட்டியைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-இல் ஓர் உபாயம் கண்டது. காலியாகப் போகும் இருக்கைகளைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, அவற்றை மட்டும் முன்கூட்டி வாங்குவோர்க்கு மலிவாக விற்றது. அவசரமாகக் கடைசியில் வருவோர்க்கு எஞ்சிய இருக்கைகளைக் கூடுதல் விலைக்கு விற்றது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1987-இல் வேறொரு நிறுவனத்தில் கரைந்துபோயிற்று. கணிப்பொறிக் கணக்கோ உலகெங்கும் பரவிவிட்டது.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், ஒரு ரூபாய்ச் சீட்டு என்னும் அறிவிப்பால் நாட்டையே வியக்கச் செய்தது. 'சூரரைப் போற்று' திரைப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவியதே. ஒரு ரூபாய்ச் சீட்டு பொய்யன்று. ஆனால் அது விமானத்தில் ஒரு சில இருக்கைகளுக்கே உரியது. முந்தி வந்தவர்க்கே கிடைத்தது. மற்ற இருக்கைகள் படிப்படியாக விலை ஏறின. இங்கே மலிவுக்குக் காரணம் இருந்தது. அக்காரணத்தை அறிந்து முந்திக்கொண்டவர் பயன் பெற்றார்.

மாறும் கட்டணம் எவ்வளவு தூரம் மாறும் என்பதை 2025 டிசம்பரில் கண்டோம். இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் பெருமளவில் ரத்தாகவே, பிற விமானங்களின் கட்டணம் விண்ணை முட்டியது. மத்திய அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கித் தூரத்துக்கேற்பத் தற்காலிக உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.

ஆகவே விமானச் சீட்டில் மூன்றைச் செய்யலாம். பயண நாள் முடிவானதும் தாமதிக்காமல் வாங்கலாம். ஒரு நாள் முன்பின் மாற்றிப் பார்க்கலாம். தூத்துக்குடியுடன் மதுரை, திருவனந்தபுரம் நிலையங்களின் கட்டணத்தையும் ஒப்பிடலாம். ஒப்பிடும்போது வீட்டிலிருந்து அந்நிலையம் வரை வாடகைக் காருக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மதுரைக்குப் போய், காருக்கு இரண்டாயிரம் கொடுப்பதுதான் சுண்டைக்காய்க் கதை.

சுமைகூலி எங்கே ஒளிந்திருக்கிறது?

இணையத்தளத்தின் முதற்பக்கத்தில் தெரியும் விலை வேறு. பணம் கட்டும் பக்கத்தில் தெரியும் விலை வேறு. இடையிலே வசதிக் கட்டணம், இருக்கை தேர்ந்தெடுக்கும் கட்டணம், பெட்டிக் கட்டணம், காப்பீடு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொள்ளும். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் குளிர்சாதனமில்லா வகுப்புக்கு 10 ரூபாயும், குளிர்சாதன வகுப்புக்கு 20 ரூபாயும் வசதிக் கட்டணம். அட்டை முதலிய பிற வழிகளில் 15, 30 ரூபாய். இவற்றுடன் வரியும் உண்டு. இது தலைக்கு அன்று, சீட்டுக்கு. நால்வர் கொண்ட குடும்பம் ஒரே சீட்டில் பதிந்தால் ஒரு முறை செலுத்தினால் போதும். வேறு நிறுவனங்கள் வழியே சென்றால் அவற்றின் சேவைக் கட்டணமும் சேரும். நிலையத்து அலுவலகத்தில் நேரில் வாங்கினால் வசதிக் கட்டணமே இல்லை.

வாங்குவோரை ஏமாற்றும் இத்தகைய தந்திரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று விதிமுறைகளை வெளியிட்டது. அதில் 13 தந்திரங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. 'இன்னும் இரண்டே இருக்கைகள்!' என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. நாம் கேளாத பொருளைக் கூடைக்குள் நுழைப்பது மற்றொன்று. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது இன்னொன்று. காப்பீடு வேண்டாம் என்போரை, 'நான் பாதுகாப்பின்றியே இருக்கிறேன்' என்னும் வாசகத்தை அழுத்த வைத்து வெட்கப்படுத்துவதும் அப்பட்டியலில் உண்டு.

காப்பீடு எல்லாமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஐ.ஆர்.சி.டி.சி. சீட்டில் 45 பைசாவுக்குக் கிடைக்கும் விருப்பக் காப்பீடு, விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேண்டியதை அறிந்து ஏற்பதும், வேண்டாததை அறிந்து நீக்குவதுமே நம் கடமை. பணம் கட்டுமுன் இறுதித் தொகையை ஒரு தாளில் எழுதி ஒப்பிடும் பழக்கம், கணக்குப் பாடத்தின் மிகச் சிறந்த வீட்டுப்பாடமாகும்.

காரணமில்லாத மலிவு

வாட்ஸாப்பில் ஒரு செய்தி வருகிறது. குழுவாகத் திருத்தல யாத்திரை. தங்குமிடம், உணவு உட்பட நம்ப முடியாத விலை. இன்றே முன்பணம் செலுத்த வேண்டும். இங்கேதான் நம் கேள்வியைக் கேட்க வேண்டும். இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? விடை கிடைக்காவிடில் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையம், கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம், யாத்திரிகர் விடுதி முதலியவற்றின் பெயரால் போலி இணையத்தளங்கள் பணம் பறிப்பதாக நாட்டு மக்களை எச்சரித்தது. ஐ.ஆர்.சி.டி.சி. பெயரில் போலிச் செயலி பரவியபோது 2023-இல் அக்கழகமும் எச்சரித்தது.

செயலியைச் செய்தியில் வரும் இணைப்பின் வழியே இறக்காமல், முறையான செயலிக் கடையிலிருந்தே இறக்குங்கள். திரும்ப வர வேண்டிய பணத்துக்காக இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணை அழைக்காதீர்கள். ரயில்வேயின் உதவி எண் 139. பணம் பெறுவதற்குக் கடவு எண் இடச் சொன்னாலே அது மோசடி என்று தெளியுங்கள். ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தேவை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வீட்டாரிடம் மறைக்காமல் உடனே சொல்லி, 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு நாம் தரும் சலுகை. வணிகரோடு உள்ள வழக்குகளுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். அக்கம்பக்கத்தார்க்கு உதவியாகச் சீட்டெடுப்பது நற்செயல். ஆனால் சொந்தக் கணக்கில் சீட்டெடுத்துக் கமிஷனுக்கு விற்பதைத் தொழிலாகக் கொள்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இணையச் சீட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

பயணம் தடைபட்டால்

2023 டிசம்பர் 17 இரவை நம் ஊர் எளிதில் மறவாது. பெருவெள்ளத்தால் தண்டவாளத்தின் அடி மண் அரித்துப்போக, சென்னை நோக்கிச் சென்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் இரண்டு நாட்கள் வரை இங்கே சிக்கியிருந்தனர். சுற்றியுள்ள மக்கள் தம் துன்பத்தினிடையே அவர்களுக்கு உணவு சமைத்து அளித்தனர்.

பயணம் இப்படித் தடைபடும்போதுதான், சீட்டை யாரிடம் வாங்கினோம் என்பது முக்கியமாகிறது. ரயிலை ரயில்வேயே ரத்து செய்துவிட்டால், இணையச் சீட்டின் முழுப் பயணக் கட்டணமும் பணம் வந்த கணக்குக்கே திரும்பும். நாமே நம் கணக்கில் வாங்கியிருந்தால் அது நம்மிடம் வரும். இடைத்தரகர் வழியே வாங்கியிருந்தால் முதலில் அவரிடம் போகும். ரத்து, நேரமாற்றம் பற்றிய குறுஞ்செய்தியும் சீட்டில் பதிந்த கைப்பேசி எண்ணுக்கே செல்லும். தரகர் தம் எண்ணைப் பதிந்திருந்தால், தாத்தா விடியற்காலையில் வெறும் நடைமேடையில் நிற்க நேரிடும். ஆகவே யார் சீட்டெடுத்தாலும் பயணிப்பவர் எண்ணையே பதியச் சொல்லுங்கள்.

மாணவியரே, குறைந்த விலையில் வாங்குவது திறமை. அந்த விலை ஏன் குறைந்தது என்று அறிந்து வாங்குவது அறிவு. நாட்காட்டியில் ஒரு குறிப்பு, உரிமையைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம், இறுதித் தொகையைக் கூட்டிப் பார்க்கும் பொறுமை, அவசரப்படுத்துவோரிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு ஆகிய நான்கும் உங்களிடம் இருந்தால், உங்களை நம்பிக் கைப்பேசியை நீட்டிய பெற்றோரும் பெரியோரும் கவலையின்றிப் பயணம் செய்வர். அடுத்த விடுமுறைக்கான நாளை இன்றே எண்ணிக் குறித்துவையுங்கள்.